யார்க் நகரில் இருவர், இரண்டு நாள்: இலவச வழிகாட்டி நடையும் மதில் சுற்றும்

இங்கிலாந்தின் யார்க் ரயில் நிலையத்தில் இறங்குபவர்களில் பலரும் நேராக ஷாம்பிள்ஸ் தெருவுக்குத்தான் போகிறார்கள். முன்னோக்கிச் சாய்ந்து நிற்கும் மரச்சட்ட வீடுகளை அண்ணாந்து நாலு படம் எடுத்து, கடைகளில் புகுந்து வெளியே வந்தால் மதியம் ஆகிவிடும். ஊர் அழகுதான் என்று தோன்றும், ஆனால் எதைப் பார்த்தோம் என்று பிடிபடாது. இலையுதிர் காலத்தில் கணவனும் மனைவியுமாக அங்கே இரண்டு நாள் நடக்கப் போகிறீர்கள் என்றால், முதல் நாள் காலை 10:15-க்கு எக்ஸிபிஷன் சதுக்கத்தில், கலைக்கூட வாசலுக்கு எதிரே போய் நில்லுங்கள். இதைவிட நல்ல தொடக்கம் அந்த ஊரில் கிடையாது.

யார்க்கின் தன்னார்வ வழிகாட்டிகள் சங்கம் 1951 முதல் நடத்தும் நடை அது. சுமார் இரண்டு மணி நேரம். கட்டணம் இல்லை, டிப்ஸும் வாங்குவதில்லை. பல ஊர்களில் 'இலவச நடை' என்று கூட்டிப்போய்க் கடைசியில் தொப்பியை நீட்டுவார்கள். இங்கே அது கிடையாது. கூட்டிப்போகிறவர்கள் பயிற்சி எடுத்த உள்ளூர்க்காரர்கள், ஊர்மேல் உள்ள பிரியத்துக்காக வருகிறவர்கள். மழை பெய்தாலும் நடை உண்டு.

அருங்காட்சியகத் தோட்டத்தில் பல்கோணக் கோபுரம் ஒன்று நிற்கிறது. தனியாகப் போனால் 'பழைய கோபுரம்' என்று தாண்டிவிடுவோம். வழிகாட்டி அங்கே நிறுத்தி, சுவரைக் கீழிருந்து மேலாகப் பார்க்கச் சொல்வார். கீழ்ப்பகுதியில் உள்ளங்கை அகலத்துக்குச் சீராக வெட்டிய சிறு கற்கள், அவற்றின் குறுக்கே செங்கல் தட்டுகளால் ஓடும் ஒரு சிவப்புப் பட்டை. அது ரோமர் வேலை. அதற்கு மேலே கற்கள் திடீரென்று பெரிதாகும், சிலுவை வடிவில் அம்பு விடும் துளைகள் தெரியும். அது சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு வந்த கொத்தனார்களின் வேலை. கி.பி. 71-இல் ரோமர் படை வந்து எபோராகம் என்று கோட்டை போட்ட இடம், 866-இல் வைக்கிங்குகள் பிடித்து யோர்விக் ஆன ஊர், இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்த நகரம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பது அந்த ஒரு சுவரிலேயே புரியத் தொடங்கும். அதன்பிறகு ஊரில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் கண் தானாக அடுக்குகளைத் தேடும். இந்த நடையின் உண்மையான பயன் இதுதான்.

பெயர்க் குழப்பமும் அங்கேயே தீரும். யார்க்கில் தெருவின் பெயர் 'கேட்' என்று முடியும், கோட்டை வாசலுக்குப் பெயர் 'பார்'. வைக்கிங்குகளின் மொழியில் தெருவுக்கு 'காட்டா' என்று பெயர், அதுதான் ஒட்டிக்கொண்டது. மிக்கிள்கேட் என்றால் பெரிய தெரு. இது தெரியாமல் வரைபடத்தில் குட்ராம்கேட்டைப் பார்த்துவிட்டு அங்கே ஒரு வாசலைத் தேடினால், தெருவில் நின்றுகொண்டே தெருவைத் தேடுவீர்கள்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு மணி நேரத்தில் பாதி நேரம் நின்றபடிதான் போகும். நவம்பர்க் குளிரில் நடப்பதைவிட நிற்பதுதான் கடினம், முதலில் கால்விரல்தான் மரத்துப்போகும். கம்பளிக் காலுறை கட்டாயம். பூத்தம் வாசல் பக்கம் வண்டிகளின் இரைச்சல் அதிகம், பின்னால் நின்றால் பாதி காதில் விழாது, அதனால் முதல் வரிசையைப் பிடியுங்கள். பெரிய தேவாலயமான மின்ஸ்டரை வெளியிலிருந்து மட்டுமே காட்டுவார்கள். வழிகாட்டிக்கு வழிகாட்டி ருசியும் மாறும். ஒருவர் ரோமரிலேயே நின்றுவிடுவார், இன்னொருவர் எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில் மடங்களை இடித்த கதையில் இறங்கிவிடுவார். இரண்டுமே கேட்கத் தகுந்தவை.

அடுத்தது மதில். இங்கிலாந்தின் இடைக்கால நகர மதில்களில் மிக அதிக நீளம் நிலைத்திருப்பது யார்க்கில்தான், சுமார் 3.4 கிலோமீட்டர். மேலே நடக்கக் கட்டணம் இல்லை. காலை 8 மணிக்குத் திறப்பார்கள், இருட்டும் நேரத்தில் கதவைப் பூட்டுவார்கள். உறைபனி விழுந்தாலோ காற்று பலமாக அடித்தாலோ மூடிவிடுவார்கள். முழுச் சுற்றுக்கு இரண்டு முதல் மூன்று மணி நேரம் ஆகும். அதை ஒரே மூச்சில் முடிப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். கடிகார முள் திசையில், மூன்று துண்டாக, வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்து நடக்க வேண்டும்.

முதல் துண்டு பூத்தம் வாசலிலிருந்து மங்க் வாசல் வரை. வழிகாட்டி நடையில் பெரும்பாலும் இதுவும் சேர்ந்துவிடும். மின்ஸ்டருக்குப் பின்னால் உள்ள தோட்டங்களை ஒட்டிப் போகும் பாதை, அக்டோபரில் மரங்கள் பழுத்து நிற்கும். காலையில் மின்ஸ்டருக்குப் பின்னாலிருந்து சூரியன் அடிப்பதால் படத்தில் கோபுரங்கள் கறுத்துத்தான் விழும். மதியத்துக்குப் பிறகு இன்னொரு முறை ஏறினால் கல்லின் நிறம் தெரியும்.

இரண்டாவது துண்டு மங்க் வாசலிலிருந்து ஃபிஷர்கேட் வரை. இதை இரண்டாம் நாள் காலைக்கு வையுங்கள். கூட்டம் குறைவு, பார்க்க வேண்டியவை அதிகம். லேயர்தார்ப் கோபுரத்தோடு மதில் சட்டென்று நின்றுவிடும். பாதி பேர் 'முடிந்துவிட்டது' என்று இறங்கித் திரும்பிவிடுவது இங்கேதான். முடியவில்லை. 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் கோட்டை அகழிக்காக ஃபாஸ் ஆற்றை அணை கட்டித் தடுத்தபோது இந்தப் பகுதி முழுவதும் சதுப்பு ஏரியாகிவிட்டது. தண்ணீரே காவல் என்பதால் மதில் தேவைப்படவில்லை. இப்போது அங்கே ஏரி இல்லை, வண்டிகள் ஓடும் சாலை இருக்கிறது. நடைபாதையில் பதித்திருக்கும் சின்னப் பித்தளைக் குமிழ்களைப் பார்த்துக்கொண்டே நடந்தால் பத்து நிமிடத்துக்குள் சிவப்புக் கோபுரம் வரும், மதில் மறுபடி தொடங்கும்.

சிவப்புக் கோபுரத்துக்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். மதில் முழுவதும் வெளிர் சுண்ணாம்புக்கல், இது மட்டும் செங்கல். 1490 வாக்கில் இந்த வேலை கல் கொத்தனார்களுக்குக் கிடைக்காமல் செங்கல் வேலைக்காரர்களுக்குப் போனதில் பகை மூண்டு, செங்கல் வேலைக்காரர் ஒருவர் கொலையே ஆனார். அடுத்து வரும் வாம்கேட் வாசல், முன்வாசல் அரண் இடியாமல் முழுதாக நிற்கும் ஒரே நகர வாசல், இங்கிலாந்திலேயே வேறெங்கும் இல்லை. அதன் உட்புறம் போய்ப் பாருங்கள், கல் தூண்களின்மேல் ஒரு மரச்சட்ட வீடு உட்கார்ந்திருக்கும். இன்னும் கொஞ்சம் நடந்தால் ஃபிஷர்கேட் வாசல். 1489-இல் வரி எதிர்ப்புக் கலகத்தில் தீ வைத்தார்கள். வளைவின் பக்கக் கற்களைக் கிட்டே போய்ப் பாருங்கள், வெளிர் கல் செம்மண் நிறமாகக் கன்றிப்போயிருக்கும். ஐநூறு ஆண்டு மழையிலும் அந்தச் சூட்டுத் தழும்பு போகவில்லை. அதன்பிறகு அந்த வாசலை அடைத்துவிட்டார்கள், திறந்தது 1827-இல்.

மூன்றாவது துண்டு பெய்ல் குன்றிலிருந்து மிக்கிள்கேட் வாசல் வழியாக லெண்டல் பாலம் வரை. இதைக் கடைசி மாலைக்கு ஒதுக்குங்கள், காரணம் பின்னால் வருகிறது.

இருவராக நடப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: மதிலின் வெளிப்பக்கம்தான் மார்பளவுச் சுவர், உட்பக்கம் பல இடங்களில் கைப்பிடியே கிடையாது, நேராகச் சரிவு. பாதையும் ஒடுக்கம், கைகோத்து நடக்க முடியாத இடங்கள் நிறைய. உயரத்துக்குப் பயப்படுபவர் சுவர்ப்பக்கம் நடக்கட்டும். எதிரே ஆள் வந்தால் அவசரப்பட்டு உட்பக்கம் ஒதுங்காதீர்கள், சுவரை ஒட்டி நின்று அவர்களைப் போக விடுங்கள், அல்லது அகலமான கோபுர மேடையில் காத்திருங்கள். குடை வேண்டாம். ஒடுங்கிய பாதையில் எதிரே வருகிறவர் கண்ணில் படும், காற்றில் மடங்கும். தலைமூடி உள்ள மழைச்சட்டைதான் சரி. நனைந்த பலகைக்கல்லின்மேல் ஈர இலை ஒட்டிக்கிடந்தால் வழுக்கும், அடிப்பாகம் தேய்ந்த காலணி ஆகாது. வாசல் படிக்கட்டுகள் செங்குத்து, குறுகல். சக்கரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏற நினைக்காமல் விடுதியிலேயே விட்டுவிடுங்கள்.

மின்ஸ்டருக்குள் போவது இரண்டாம் நாள் திறந்த உடனே. கிழக்குப் பெருஞ்சாளரம் காலை வெயிலில் எரியும்போதுதான் பார்க்க வேண்டும். ஒரு டென்னிஸ் மைதான அளவுக்குக் கண்ணாடி ஓவியம். கவென்ட்ரி ஊர்க்காரர் ஜான் தார்ன்டன் 1405-இலிருந்து 1408-க்குள் முடித்துக்கொடுத்தார். மேல் வரிசைகள் வெறுங்கண்ணுக்கு எட்டாது, சின்ன பைனாகுலர் இருந்தால் இருவரும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். நடுக்கோபுரம் ஏற 275 படி, சுழல்படி, பாதியில் வெளியே வந்து கூரையோரம் நடந்து மறுபடி ஏற வேண்டும். மழைக்காற்றில் மூடிவிடுவார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் விட்டுவிடலாம், மதிலிலேயே நல்ல காட்சி கிடைக்கிறது. ஞாயிறு காலை வழிபாட்டு நேரம், சுற்றிப் பார்க்க மதியம்தான். மாலை இசை வழிபாட்டில் உட்கார யாருக்கும் கட்டணம் இல்லை. பாடகர் குழுவின் குரல் அந்தக் கல் விதானத்தில் தங்கிக் கரைவதைக் கேட்பதற்காகவே ஒரு மாலையை ஒதுக்கலாம்.

தெருக்களுக்கு நடுவே ஆளொருவர் நுழையும் முடுக்குகள் ஊர் முழுக்க உண்டு. இரண்டு வீடுகளுக்கு இடையில் இருட்டாக ஒரு வாய் தெரிந்தால் தயங்காமல் நுழையுங்கள், இன்னொரு தெருவில் கொண்டுபோய் விடும். காபி யார்டு என்ற முடுக்கில் உயரமானவர்கள் குனிய வேண்டும். ஷாம்பிள்ஸ் தெருவைக் காலை 8 மணிக்குப் பாருங்கள். கசாப்புக் கடைகளாக இருந்த காலத்து இறைச்சிக் கொக்கிகளும் சன்னல் பலகைகளும் கூட்டம் இல்லாதபோதுதான் கண்ணில் படும்.

ஊஸ் ஆற்றங்கரைப் பாதையை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். யார்க்கில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பாதை நீரில் மூழ்கியிருக்கும். ஸ்வேல், யூர், நிட் ஆறுகள் மேற்கு மலைப் பள்ளத்தாக்குகளின் மழையை வாரிக்கொண்டு ஊஸில்தான் சேர்கின்றன. அங்கே பெய்த மழை இங்கே வந்து சேரத் தாமதமாகும். வானத்தைப் பார்க்காமல், அரசின் வெள்ள எச்சரிக்கைப் பக்கத்தில் நீர்மட்டத்தைப் பாருங்கள். பாதை மூழ்கியிருந்தால் மதில்தான் மாற்றுவழி.

சாப்பாடு. செயின்ட் ஹெலன்ஸ் சதுக்கத்து பெட்டிஸ் தேநீர் விடுதிக்கு வரிசை நீளும், மதிய நேரத்தைத் தவிர்த்துக் காலையில் போனால் சீக்கிரம் இடம் கிடைக்கும். கீழ்த்தளத்தில் போர்க்கால விமானிகள் வைர ஊசியால் பெயர் கீறிய கண்ணாடி இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். மாட்டிறைச்சி தொடாதவர்களும் சைவர்களும் கட்டாயம் கவனிக்க வேண்டியது: யார்க்ஷயரில் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது மரபு. வறுவல் மட்டும் வாங்கினாலும் அதே கொழுப்புதான். எந்த எண்ணெய் என்று வாங்கும் முன்பே கேளுங்கள், மறைக்க மாட்டார்கள். யார்க்ஷயர் புட்டிங் இனிப்பு அல்ல, மாவில் முட்டை உண்டு, அதையும் பல இடங்களில் இறைச்சிக் கொழுப்பில்தான் சுடுகிறார்கள்.

எப்போது போவது? யார்க் குதிரைப் பந்தயப் பருவம் அக்டோபரில் முடிகிறது. பந்தய நாளில் அறை வாடகை ஏறும், மாலையில் தெருக்கள் நிரம்பும். அக்டோபர் கடைசியில் பள்ளி விடுமுறை, நவம்பர் நடுவில் கிறிஸ்துமஸ் சந்தை. பந்தயம் முடிந்து விடுமுறை தொடங்கும் வரையுள்ள நாட்களும், நவம்பர் முதல் பத்து நாளும்தான் அமைதியானவை. இரண்டில் எங்கள் ஓட்டு அக்டோபருக்கு. அக்டோபர் நடுவில் சூரியன் 6 மணி வாக்கில் மறையும். கடைசி ஞாயிறு நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பியதும் 4:30-க்கே மறைந்துவிடும், மதிலும் சீக்கிரம் பூட்டப்படும்.

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து சுமார் இரண்டு மணி நேர ரயில். இருவர் சேர்ந்தே பயணிப்பதற்கான 'டூ டுகெதர்' ரயில் அட்டை ஆண்டுக்கு 35 பவுண்ட், கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். இருவரின் வழக்கமான கட்டணமும் சேர்ந்து 105 பவுண்டைத் தாண்டினால் அந்த ஒரு பயணத்திலேயே அட்டைக் காசு திரும்பிவிடும். அட்டையில் இருக்கும் அதே இருவர் முழுத் தூரமும் ஒன்றாகப் போக வேண்டும், ஒருவர் முன்னால் ஒருவர் பின்னால் வந்தால் செல்லாது. வார நாளில் காலை 9:30-க்கு முன்னும் செல்லாது. ஆகவே வார நாளில் அன்றைக்கே கிளம்பி 10:15 நடையைப் பிடிக்க முடியாது. முந்தைய நாள் மதியமே வந்து தங்கிவிடுங்கள். அறையை மதிலுக்குள்ளோ, மதிலை ஒட்டியோ பாருங்கள். நிலையத்திலிருந்து மின்ஸ்டருக்கே கால் மணி நேர நடைதான், பேருந்தும் டாக்ஸியும் தேவைப்படாது.

இனி அந்த மூன்றாவது துண்டு. கடைசி நாள், சூரியன் மறைய ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது ஸ்கெல்டர்கேட் பாலத்தைத் தாண்டிப் பெய்ல் குன்றருகே ஏறுங்கள். மிக்கிள்கேட் வாசலில் ஒரு காலத்தில் துரோகிகளின் தலையைக் குத்தி வைப்பார்கள், 1460-இல் யார்க் பிரபு ரிச்சர்டின் தலையும் அங்கே இருந்தது. அதைத் தாண்டி மதில் வலப்பக்கம் திரும்பும். ரயில் தடங்களுக்காகக் குடைந்த வளைவுகள் காலுக்குக் கீழே போகும். அங்கிருந்து லெண்டல் பாலம் நோக்கி நடக்கும்போது மேற்குச் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும், எதிரே மின்ஸ்டரின் மேற்கு முகப்பு முழு வெளிச்சத்தில் நிற்கும். டாட்காஸ்டர் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் பகலில் சாம்பல் கலந்த வெள்ளை, இந்த அரைமணி நேரம் மட்டும் தேன் நிறம். படி இறங்கிச் சாலையைக் கடந்தால் ரயில் நிலையம்.