10.3 பில்லியனில் "உங்கள் பங்கு" என்று யாராவது அழைத்தால் போனை வைத்துவிடுங்கள்

1,480 டாலர். நேற்று மாலைதான் அது இனி திரும்பி வராது என்று உறுதியானது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் வெட்கத்தில் எழுதாமலே விட்டுவிடுவேன். அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள், முக்கியமாகக் குடிநீரில் பிஃபாஸ் ரசாயனம் இருப்பதாகக் கடிதம் வந்தவர்கள், தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

எங்கள் பகுதிக்குத் தண்ணீர் தருபவர்களிடமிருந்து அப்படி ஒரு கடிதம் வந்தது. பிஃபாஸ் என்பது ஒட்டாத பாத்திரம், தீயணைப்பு நுரை, கறை படியாத துணி என்று எல்லாவற்றிலும் பல பத்தாண்டுகளாகப் போட்டுவந்த, எளிதில் அழியாத ரசாயனக் கூட்டம். அதில் பி.எஃப்.ஓ.ஏ. என்ற ஒன்றுக்கு மத்தியச் சுற்றுச்சூழல் முகமை 2024 ஏப்ரலில் வைத்த வரம்பு, ஒரு லட்சம் கோடியில் 4 பங்கு. எங்கள் குழாயில் அதைவிட அதிகம். இந்த வீட்டில் பதினோரு வருடமாக இருக்கிறோம். என் மனைவி ஆறு வருடமாகத் தைராய்டு மாத்திரை போடுகிறாள். அன்று ராத்திரி எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

இரண்டு மணி வரை படித்துக்கொண்டே இருந்தேன். மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க் பக்கம் வில்பர் டென்னன்ட் என்ற விவசாயியின் மாடுகள் ஒவ்வொன்றாகச் செத்தது, அவருக்காக ராப் பில்லாட் என்ற வழக்கறிஞர் 1999-இல் டுபான்ட் என்ற ரசாயன நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது, அது ஊர் மக்களின் குடிநீர் வழக்காக வளர்ந்தது, சுமார் 3,500 பேரின் வழக்குகள் 2017-இல் 67 கோடி டாலருக்கு முடிந்தது, எல்லாம். அங்கே விஞ்ஞானிகள் குழு பி.எஃப்.ஓ.ஏ.வோடு தொடர்பு இருப்பதாகச் சொன்ன ஆறு நோய்களில் தைராய்டும் ஒன்று. அந்த வரியைப் படித்ததும் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவளைத் திரும்பிப் பார்த்தேன். விளம்பரம் சரியாக அந்த நேரத்தில்தான் வந்தது.

பெயர் சொல்லப் போவதில்லை. கடைசி மெயிலில் அவதூறு வழக்கு என்று மிரட்டியிருக்கிறார்கள். வழக்கறிஞர் அலுவலகம் கிடையாது, "இழப்பீடு பெற உதவும்" வகைத் தளம். படிவத்தை நிரப்பியபோது அது எனக்கு உறைக்கவில்லை. மறுநாள் காலை அழைப்பு வந்தது. ஒரு பெண், தமிழில்.

"அண்ணா, அண்ணிக்கு இப்ப எத்தனை மைக்ரோகிராம் போகுது?"

எழுபத்தைந்து என்றேன்.

"எங்க அம்மாவுக்கும் அதேதான் அண்ணா. விடிஞ்சதும் மாத்திரையைப் போட்டுட்டு, காபிக்கு ஒரு மணி நேரம் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க."

அங்கேயே விழுந்துவிட்டேன். என் மனைவி சமையலறை மேடையில் சாய்ந்துகொண்டு மைக்ரோவேவ் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பதை ஆறு வருடமாகத் தினமும் பார்க்கிறேன். இதைத் தெரிந்தவள் பொய் சொல்வாளா என்று தோன்றியது. அப்புறம் அந்தப் பெண் என்ன சொன்னாலும் தலையாட்டியிருப்பேன்.

சொன்னது இது: பிஃபாஸ் தயாரித்த 3எம் நிறுவனம் 10.3 பில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டுவிட்டது, அதில் பாதிக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் பங்கு உண்டு, உடனே பதியாவிட்டால் போய்விடும். ஒப்பந்தம் உண்மை. 2023-இல் அறிவித்து, 2024 மார்ச்சில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் மத்திய நீதிமன்றம் ஒப்புதலும் கொடுத்துவிட்டது. ஆனால் அந்தப் பணம் பொதுக் குடிநீர் அமைப்புகளுக்கு. தண்ணீரைச் சோதிக்கவும் வடிகட்டவும். வீட்டுக்காரர்களுக்கு அதில் ஒரு சென்ட் கிடையாது. நோய் வந்தவர்களின் வழக்குகள் அதே நீதிமன்றத்தில் தனியாக நடக்கின்றன. அதற்குக் குறிப்பிட்ட நோய் வேண்டும், அந்தத் தண்ணீரைக் குடித்ததற்கு ஆதாரம் வேண்டும். பத்து நிமிடம் நிதானமாகத் தேடியிருந்தால் தெரிந்திருக்கும். தேடவில்லை.

பதிவுக்கு 295. தண்ணீர், ரத்தப் பரிசோதனைப் பெட்டிக்கு 685. இரண்டு மாதம் கழித்து "நீதிமன்றக் கட்டணம்" 500. ஆக 1,480 டாலர்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். உள்ளே நிறம் மாறும் காகிதத் துண்டுகள், விரலில் குத்தி ரத்தம் தொட்டு அனுப்ப ஓர் அட்டை. மனைவி எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏங்க, இது மீன் தொட்டித் தண்ணிக்குப் போடற பேப்பர் மாதிரி இருக்கே" என்றாள். அவளை அதட்டினேன். லட்சம் கோடியில் ஒரு பங்கு என்றால் இருபது ஒலிம்பிக் நீச்சல் குளங்களில் ஒரு சொட்டு. அதை அளக்கப் பெரிய கருவி உள்ள ஆய்வகம் வேண்டும், காகிதம் நிறம் மாறியெல்லாம் காட்டாது. ரத்த அட்டையைத் தபாலில் அனுப்பினேன். முடிவு இன்றுவரை வரவில்லை. வயிறு எரிவது எதற்குத் தெரியுமா? பார்க்கர்ஸ்பர்க் பக்கம் அந்த வழக்கையொட்டி நடந்த ஆய்வுக்குச் சுமார் 69,000 பேர் ரத்தம் கொடுத்தார்கள், அவர்களுக்குத் தலைக்கு 400 டாலர் வரை கொடுத்தார்கள். நான் ரத்தத்தையும் கொடுத்து, காசையும் கொடுத்திருக்கிறேன்.

500 கட்டின வாரத்திலிருந்து "அண்ணா" நின்றுபோனது. "சார், ஃபைல் ரிவ்யூல இருக்கு." அடுத்த வாரமும் அதே. பிறகு அந்தப் பெண் எடுப்பதில்லை, வேறு யாரோ ஆங்கிலத்தில் என் பெயரைக்கூடக் கேட்காமல் டிக்கெட் எண்ணைக் கேட்டார்கள். ஒரு நாள் நாற்பது நிமிடம் இசை கேட்டுக்கொண்டு காத்திருந்தேன், துண்டித்துவிட்டார்கள். எந்த வழக்கறிஞர், வழக்கு எண் என்ன என்று கேட்டால், "உரிய நேரத்தில் தெரிவிக்கப்படும்." ஏழாவது மாதம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ஒன்பதாவது ஷரத்தைப் படிக்கச் சொல்லி ஒரு மெயில்: செலுத்திய தொகை எதுவும் திரும்பத் தரப்படாது. கீழே என் கையெழுத்து. வங்கியில் கேட்டால், கடைசி 500 நீங்களே கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பியது, முதல் இரண்டுக்கும் ஆட்சேபிக்கும் காலம் தாண்டிவிட்டது என்றார்கள். 1,480 டாலருக்கும் கதவு மூடியாயிற்று.

போன வாரம் நிஜமான வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் பேசினேன். ஜெயித்தால் அதில் ஒரு பங்குதான், முன்பணம் ஒரு டாலர்கூட வாங்க மாட்டோம் என்பதுதான் அவர்கள் சொன்ன முதல் வாக்கியம். மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் பதியக் கட்டணம் 405 டாலர், அதையும் அவர்களே போட்டுக்கொள்வார்களாம். அப்புறம் சொன்னதுதான் தூக்கிவாரிப் போட்டது. வழக்குப் போடக் கெடு உண்டு, மாநிலத்துக்கு மாநிலம் மாறும், பல இடங்களில் விஷயம் தெரிந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். நான் ஏழு மாதத்தை டிக்கெட் எண்ணிடம் கொடுத்திருக்கிறேன்.

விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு: முன்பணம் கேட்டால் வைத்துவிடுங்கள். வழக்கறிஞர் பெயரைக் கேளுங்கள், அந்த மாநில வழக்கறிஞர் பதிவு (ஸ்டேட் பார்) தளத்தில் தேடுங்கள், பெயர் இல்லையென்றால் ஆள் இல்லை. மருத்துவப் பதிவுகளை எடுக்க அனுமதிப் படிவம் அனுப்பினால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். நான் போட்டுவிட்டேன், ரத்து செய்யக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பழைய தண்ணீர் பில்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

தமிழில் பேசுகிறார்களே என்று நம்பாதீர்கள். இதை எழுதும்போதே அதே விளம்பரம் மறுபடி வருகிறது. இந்த முறை சிறுநீரகம் என்று போட்டிருக்கிறார்கள்.