உர்பினோவா, லண்டனா: கோடைக்கால இதழியல் பயிற்சிக்கு எங்கே செல்வது?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதழியல் படிக்கும் மாணவர்கள் கோடை விடுமுறையில் வெளிநாடு சென்று சில வாரங்கள் பயிற்சி பெறுவதற்குப் பல வழிகள் உண்டு. அவற்றில் இரண்டு வகைகள் அடிக்கடி ஒப்பிடப்படுகின்றன. மொழி தெரியாத சிற்றூரில் தங்கி, ஆசிரியர்களின் மேற்பார்வையில் செய்திக் கட்டுரைகளை எழுதுவது ஒரு வகை. பெருநகர ஊடக அலுவலகமொன்றில் பயிற்சியாளராகச் சேர்வது மற்றொரு வகை. முன்னதற்கு இத்தாலியின் உர்பினோவும் பின்னதற்கு லண்டனும் நல்ல எடுத்துக்காட்டுகள். இரண்டுக்கும் சென்று திரும்பிய மாணவர்களிடம் பேசியதிலிருந்து எனக்கு ஏற்பட்ட கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதுவரை களத்தில் இறங்கிச் செய்தி சேகரிக்காதவர்களுக்கு உர்பினோதான் சிறந்தது.

உர்பினோ, மார்க்கே மாநிலத்து மலைமேல் மதில் சூழ அமைந்த ஊர். ஓவியர் ரஃபேல் 1483-இல் பிறந்தது இங்கேதான். 1506-இல் தோன்றிய பல்கலைக்கழகமும் இங்கே இருக்கிறது. ரயில் கிடையாது, பெசாரோவிலிருந்து பேருந்தில்தான் ஏறிவர வேண்டும். பால்டிமோரின் லொயோலா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ஆண்ட்ரூ சியோஃபாலோ நிறுவிய ஐஇஐமீடியா என்ற அமைப்பு, பல அமெரிக்கக் கல்லூரிகளின் மாணவர்களை இந்த ஊருக்கு அழைத்து வந்து, உள்ளூர் மாணவர்களை மொழிபெயர்ப்பாளர்களாகத் துணை சேர்த்து, ஒரு பத்திரிகையே தயாரிக்க வைத்தது.

மொழிபெயர்ப்பாளரோடு பேட்டி எடுப்பது எவ்வளவு பெரிய பாடம் என்பதை அங்கே சென்று வந்த மாணவி ஒருவர் சொல்லிக் கேட்டேன். மரத்தில் சித்திரம் இழைக்கும் முதிய கைவினைஞர் ஒருவரை அவர் சந்தித்திருக்கிறார். பெரியவர் கைகளை ஆட்டிக்கொண்டு இரண்டு நிமிடங்கள் விடாமல் பேசினாராம். மொழிபெயர்ப்பாளரோ, “தொழில் நலிந்துவிட்டது என்கிறார்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டாராம். மாணவி அந்த வரியை மேற்கோள் குறிகளுக்குள் எழுதிக் கொடுத்தபோது, ஆசிரியர் பேனாவை அதன்மேல் வைத்து, “இது அவருடைய சொல்லா, மொழிபெயர்த்தவருடைய சொல்லா?” என்று மட்டும் கேட்டிருக்கிறார். மறுநாள் அந்தச் செங்குத்தான தெருவில் மீண்டும் ஏறிச் சென்று, ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி மொழிபெயர்க்கச் சொன்ன பிறகுதான், தம் மகன் உளிகளையெல்லாம் விற்றுவிடச் சொன்னதையும், தாம் இன்னும் சனிக்கிழமைதோறும் அவற்றுக்கு எண்ணெய் பூசிவருவதையும் பெரியவர் முந்தைய நாளே சொல்லியிருந்தது தெரியவந்தது.

ஊர் சிறியதாக இருப்பதும் ஓர் ஆசிரியரே. காலையில் பேட்டி கொடுத்தவர் மாலையில் ரிப்பப்ளிகா சதுக்கத்தில் எதிரே வந்து நிற்பார். தவறாக எழுதிவிட்டு அவர் கண்ணில் படாமல் தப்ப முடியாது என்ற எண்ணமே, பெயரையும் வயதையும் இருமுறை கேட்டு உறுதி செய்யும் பழக்கத்தைத் தந்துவிடுகிறது.

குறை இல்லாமல் இல்லை. அரண்மனையும் பாலாடைக்கட்டியும் அந்தி வெயிலும் எழுதுபவரைச் சுற்றுலாக் கட்டுரையை நோக்கி இழுக்கின்றன. வேலையில்லாமல் ஊரைவிட்டுப் போகும் இளைஞர்களைப் பற்றியோ, குடியேறி வந்து முதியோரைப் பராமரிக்கும் பெண்களைப் பற்றியோ எழுத வேண்டுமானால் நான்கு வாரங்கள் போதாது. கடைகள் பிற்பகலில் மூடப்படுவதால், வேலைநாளில் பாதி காத்திருப்பதிலேயே கழிகிறது என்றும் மாணவர்கள் வருத்தப்படுகிறார்கள்.

லண்டனின் பலம் வேறு. 1908-இல் தொடங்கிய மிசௌரி இதழியல் பள்ளி போன்றவை மாணவர்களை அங்கே அனுப்பிவந்திருப்பதற்குக் காரணம் உண்டு. மொழித்தடை இல்லை, ஆனால் சட்டம் வேறு. அமெரிக்காவில், கைதானவரின் பழைய குற்றங்களைப் பத்திரிகைகள் தடையின்றி எழுதுகின்றன. இங்கிலாந்தில் கைது நடந்த கணம் முதல் 1981-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் குறுக்கே வந்து நிற்கிறது, விசாரணைக்குக் கடுமையான பாதிப்பை ஏற்படுத்தக்கூடிய எதையும் வெளியிட முடியாது. நீதிமன்றத்துக்குள் படம் எடுப்பதை 1925-ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. அனுமதியின்றி ஒலிப்பதிவும் கூடாது. லண்டனின் மத்தியக் குற்றவியல் நீதிமன்றமான ஓல்ட் பெய்லியின் பார்வையாளர் மாடத்துக்குக் கைப்பேசியோடு செல்ல முடியாததால், மாணவரிடம் மிஞ்சுவது குறிப்பேடும் காதும்தான். பிரிட்டிஷ் இளம் நிருபர்கள் நிமிடத்துக்கு 100 சொற்கள் என்ற வேகத்தை எட்டும் வரை டீலைன் சுருக்கெழுத்தை ஏன் பழகுகிறார்கள் என்பது அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் புரியும். ஒலிப்பதிவுச் செயலியை மட்டுமே நம்பி வளர்ந்த தலைமுறைக்கு இது மிக அவசியமான அதிர்ச்சி என்று நினைக்கிறேன்.

ஆனால் நீதிமன்றத்துக்கு அனுப்பப்படும் வாய்ப்பு எல்லோருக்கும் அமைவதில்லை. ஓர் அலுவலகத்தில் ஆறு வாரங்கள் இருந்த மாணவர், பிறர் எடுத்த பேட்டிகளைக் கேட்டு எழுத்தாக்குவதிலேயே ஐந்து வாரங்களைச் செலவிட்டார். அவர் பெயரில் வந்தது ஒரே ஒரு துணுக்குச் செய்தி. பெரிய செய்தியறையின் பரபரப்பை அருகிலிருந்து பார்த்தது பயன் தந்தது என்றுதான் அவர் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அவ்வளவு பணம் செலவழித்துச் சென்றவரின் எழுத்தைத் திருத்தித் தர ஒருவராவது இருந்திருக்க வேண்டும். ஏற்கெனவே கல்லூரிப் பத்திரிகையில் ஓராண்டாவது உழைத்து, வெளிவந்த கட்டுரைகளைக் காட்டி வேலை கேட்கக்கூடியவர்கள் மட்டும் லண்டனுக்குச் செல்லட்டும்.

செக் நாட்டுத் தலைநகர் பிராகும் சிலர் பட்டியலில் இருக்கும். 1995 முதல், பல மொழிகளில் செய்தி தரும் ரேடியோ ஃப்ரீ யூரோப் ஒலிபரப்பு நிறுவனத்தின் தலைமையகம் அங்கே இருப்பதால், வெளிநாட்டு நிருபர் பணியில் நாட்டம் உள்ளவர்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

இந்தியக் கடவுச்சீட்டுடன் அமெரிக்காவில் படிக்கும் நம் மாணவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். அமெரிக்கத் தோழர்கள் விசா இல்லாமலே இத்தாலிக்குப் புறப்பட்டுவிடுவார்கள். நமக்கு ஷெங்கன் விசா தேவை, அதற்கான நேர்காணல் தேதி கிடைப்பதே கோடை நெருங்கும்போது கடினம். லண்டனில் சிக்கல் இன்னும் கூடுதல்: பிரிட்டனின் வழக்கமான பார்வையாளர் விசாவில், சம்பளம் இல்லாவிட்டாலும் அலுவலகப் பயிற்சியில் சேர அனுமதி இல்லை. எந்த விசாவுக்குக் கல்லூரி ஆவணம் தரும் என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். அமெரிக்கா திரும்புவதற்கு, கல்லூரி தந்த ஐ-20 என்ற மாணவர் தகுதிப் படிவத்தில் பயணக் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். அதோடு, உங்கள் கட்டுரையை யார் திருத்துவார், அது யார் பெயரில் எங்கே வெளியாகும் என்ற இரண்டையும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம்.