அப்பாவின் சாவில் 235,000 ரூபாவைச் சுருட்டியவன்: கொழும்பில் இருப்பவர்கள் தயவுசெய்து வாசியுங்கள்

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்குச் சாமான் எழுத எடுத்த கொப்பியில் இதை எழுதத் தொடங்கினேன். கை நடுங்கியது. இப்போது கைபேசியில் தட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

235,000 ரூபா. தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆறு நாளாக அந்த எண்தான் தலைக்குள் சுற்றுகிறது. அப்பாவை நினைத்து அழ வேண்டிய நேரத்தில் காசை நினைத்து அழுகிறேன். அதற்காகவே அவனை மன்னிக்க முடியவில்லை.

கடந்த புதன்கிழமை அதிகாலை ஒன்றே முக்காலுக்கு அப்பா வெள்ளவத்தை வீட்டில் தூக்கத்திலேயே போய்விட்டார். கீழ்மாடியில் இருக்கும் வைத்தியர் வந்து பார்த்து, சான்றும் எழுதிக் கொடுத்தார். அண்ணா ரொறன்ரோவில். தங்கை இலண்டனில். வீட்டில் நானும் பதினாறு வயது மகனும் மட்டும். தொடர்மாடியில் உடலை வைத்திருக்க நிர்வாகம் விடாது. விட்டாலும் பெட்டி லிப்டுக்குள் நுழையாது. காலி வீதிப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியும். விடிவதற்குள் எங்கேயாவது கொண்டுபோக வேண்டும் என்ற பதற்றம். நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும் ஒரு சமூக ஊடகக் குழுவில் ‘சைவ முறைப்படி இறுதிக் கிரியை, 24 மணி நேரச் சேவை’ என்று ஒரு விளம்பரத்தை முன்பு பார்த்த ஞாபகம். தேடி எடுத்தேன். அந்த நேரத்திலும் இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

நாற்பது நிமிடத்தில் வந்து நின்றான். (‘அவர்’ என்று எழுத விரல் வரவில்லை, மன்னியுங்கள்.) வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. கதவடியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அப்பாவின் காலடிக்குப் போய்க் குனிந்து தொட்டுக் கும்பிட்டான். கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் ஒன்று பாடினான், குரலும் நன்றாகத்தான் இருந்தது. என் மகன் அப்போதுதான் முதல் முறையாக வாய்விட்டு அழுதான். அதற்குப் பிறகு நான் அவனைச் சந்தேகிப்பேனா?

அடுத்து எல்லோரும் கேட்கும் அந்தக் கேள்வி: “அக்கா, ஊரில் எந்த இடம்?” சொன்னேன். அவனுடைய தாய்வழியும் பக்கத்து ஊராம். கொழும்பில் நாற்பது வருடம் இருந்தாலும் அந்த ஒரு கேள்விக்கு நாம் விழுந்துவிடுகிறோம்.

நான் கேட்க நினைத்ததையெல்லாம் நான் கேட்காமலே சொன்னான். தங்கை வரும்வரை உடலை எத்தனை நாள் வைக்கலாம்? எம்பாம் செய்தால், அதாவது உடல் கெடாமல் மருந்து ஏற்றினால், நான்கு நாள் பிரச்சினையில்லை. மூத்த மகன் வர முடியாவிட்டால் கொள்ளி யார் வைப்பது? மகளின் மகன் வைக்கலாம் அக்கா, ஐயர் ஒன்றும் சொல்லமாட்டார். சுண்ணம் இடிக்க, பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க, வாய்க்கரிசி போட இடவசதி உண்டா? எல்லாம் உண்டு. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நேரலை? அதுவும் கணக்குக்குள் அடங்கும். சாம்பலை எங்கே கரைப்பது? முகத்துவாரத்தில் களனி கங்கை கடலோடு சேரும் இடத்திற்கு வானும் அவன் பொறுப்பாம். ஒவ்வொரு பதிலுக்கும் தலையாட்டினேன். பதில்களில் பிழையில்லை. அவ்வளவு சரியாகச் சொல்பவன் அந்த வேலைகளைச் செய்தும் கொடுப்பான் என்று நம்பியதுதான் என் பிழை.

“தகனம் பொரளை கனத்தை மயானத்தில்தானே?” என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அப்பா கனத்தைப் பக்கம் போகாத மனிதர். 1983 ஜூலை 24 இரவு அந்த மயானத்தில் கூடிய கூட்டத்தில் இருந்துதான் தமிழருக்கு எதிரான கலவரம் தொடங்கியது. மறுநாள் எங்கள் வீட்டில் மிஞ்சியது அம்மா கையில் தூக்கி ஓடிய ஒரு பை. “என்னை எங்கே எரித்தாலும் எரி, கனத்தையில் மட்டும் வேண்டாம்” என்று அப்பா எப்போதோ சொல்லியிருந்தார். இதை நான் நெருங்கிய சிநேகிதிகளிடம்கூடச் சொன்னதில்லை. அவனிடம் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, “எங்கள் மாமாவின் கடையும் அன்றுதான் எரிந்தது அக்கா” என்றான். பிறகு மெதுவாக, “கல்கிசை மயானத்தில் நேரம் எடுத்துத் தருகிறேன்” என்றான். இப்போது யோசித்தால் அந்த மாமா இருந்தாரா என்பதே சந்தேகம். எண்பத்து மூன்றைக்கூடக் காசாக்கினான் பாருங்கள், அதுதான் நெஞ்சில் எரிகிறது.

மொத்தம் 385,000 ரூபா. “இப்போது 235,000 போதும். மீதி 150,000 எல்லாம் முடிந்து உங்கள் மனம் ஆறிய பிறகு.” மனம் ஆறிய பிறகாம்! தொலைபேசியில் அண்ணாவும், “காசைப் பார்க்காதே, அப்பாவுக்குச் செய்” என்றார். அதிகாலை மூன்றரைக்கு இணைய வழியில் பணம் அனுப்பினேன். கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லை, தனி ஆளின் பெயரில் இருந்தது. பார்த்தேன். பார்த்தும் அனுப்பினேன். கிராம உத்தியோகத்தர் அறிக்கை, மரணப் பதிவு எல்லாம் தானே செய்வதாகச் சொல்லி வைத்தியரின் சான்றையும் அப்பாவின் அடையாள அட்டையையும் வாங்கி ஒரு கோப்புறைக்குள் பக்குவமாக வைத்துக்கொண்டான். ரசீது கேட்கவில்லை. தகப்பன் கிடக்கும்போது எந்த மகள் ரசீது கேட்பாள்?

வான் வந்தது, அப்பாவைத் துணியில் சுற்றிப் படிகளால் இறக்கினார்கள். காலை பதினொரு மணிக்கு, உடலை வைத்துக் கிரியை செய்ய அவன் சொன்ன மலர்ச்சாலைக்கு நான் போனபோது மண்டபம் பூட்டிக் கிடந்தது. அப்பா பின்பக்க அறையில், எம்பாமும் செய்யாமல், வந்த துணியோடே இருந்தார். அங்கிருந்த முகாமையாளர், “அம்மா, அந்த ஆள் எங்கள் ஆள் அல்ல. தரகர். உடலை இறக்கிவிட்டுத் தன் தரகுக் காசைக் கேட்டார், நாங்கள் கொடுக்கவில்லை. எங்களுக்கு யாரும் ஒரு சதமும் கட்டவில்லை” என்றார். மருந்தை எவ்வளவு நேரத்தோடு ஏற்றுகிறோமோ அவ்வளவு நல்லது, ஏற்கெனவே நேரம் போய்விட்டது என்றும் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. காசு கட்டாமல் வேலை தொடங்க மாட்டேன் என்று அவர் சொன்னபோது மட்டும் கோபம் வந்தது. நகையை அடகு வைக்க நேரமில்லாமல் பக்கத்து வீட்டு ரீச்சரிடம் கடன் வாங்கி முழுத் தொகையையும் கட்டினேன். ஆக, அந்த 235,000 ரூபாவுக்கு எங்களுக்குக் கிடைத்தது ஒரு வான் ஓட்டம், ஒரு தேவாரம்.

கல்கிசையில் அப்பாவின் பெயரில் எந்த நேரமும் எடுக்கப்படவில்லை. அவன் எடுப்பதாகச் சொன்ன பதிவும் நடக்கவில்லை. என்னிடம் இருந்த அடையாள அட்டைப் பிரதியோடு வைத்தியரிடம் மீண்டும் சான்று வாங்கி, கிராம உத்தியோகத்தரைத் தேடி, பதிவாளரிடம் ஓடி, அந்தப் பத்திரத்தோடு மயானத்திற்கும் ஓடி, வியாழக்கிழமை மாலைக்கு நேரம் எடுத்தேன். தங்கை கட்டுநாயக்காவில் இருந்து பெட்டியடிக்கு நேரே வந்தாள். என் மகன் கொள்ளி வைத்தான். அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன்.

அவனைத் தேடிய கதையைச் சொல்கிறேன். புதன் மத்தியானம்: “வழியில் நிற்கிறேன் அக்கா, வாகன நெரிசல்.” மாலை: “முதலாளி வெளியூரில்.” முதலாளி என்று ஒருவர் இருப்பதே அப்போதுதான் தெரியும். வியாழன் காலை வேறொரு பெண் எடுத்து, “கணக்காளர் விடுமுறை, திங்கள் பேசுங்கள்” என்றாள். வெள்ளிக்கிழமை அவனே எடுத்தான். “இப்படியான நேரத்தில் காசைப் பற்றிப் பேசலாமா அக்கா, அப்பாவின் ஆன்மா என்ன நினைக்கும்?” நான் குரலை உயர்த்தியதும், “வீட்டில் ஆம்பிளைகள் யாராவது இருந்தால் பேசச் சொல்லுங்கள்” என்று வைத்துவிட்டான். அதிகாலை மூன்றரைக்கு 235,000 ரூபா வாங்கும்போது இந்த வீட்டில் ஆம்பிளை வேண்டியிருக்கவில்லை. இப்போது என் இலக்கத்தைத் தடுத்துவிட்டான். குழுவில் எழுதினேன், ‘சாவு வீட்டு விடயத்தைப் பொதுவில் பேசாதீர்கள்’ என்று நிர்வாகி பதிவை அழித்துவிட்டார். கணக்குக்காரர் சம்மதிக்காமல் பணத்தைத் திருப்ப முடியாது என்றது வங்கி. பொலிஸில் முறைப்பாடு எழுதிக்கொண்டார்கள், முதல் கேள்வி, “ரசீது இருக்கிறதா?”

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். வீட்டில் ஐயர் வந்து காத்திருக்கிறார், சுருக்கமாகச் சொல்கிறேன். உடலைக் கொடுப்பதற்கு முன் அந்த மலர்ச்சாலைக்கே நேரே தொலைபேசி எடுத்து, வருபவர் உங்கள் ஆளா என்று கேளுங்கள். தனி ஆள் கணக்குக்குப் பணம் போடவே போடாதீர்கள். அடையாள அட்டையையும் வைத்தியர் சான்றையும் யாரிடமும் கொடுக்காதீர்கள், பிரதி மட்டும் கொடுங்கள். மரணப் பதிவுக்கும் மயானத்திற்கும் சொந்தக்காரர் ஒருவரே போக வேண்டும், மாநகர சபை ரசீதைக் கண்ணால் பாருங்கள். முறைப்பாடு செய்ய நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. வயதானவர்கள் வீட்டில் இருந்தால் இதையெல்லாம் இன்றைக்கே விசாரித்து வையுங்கள், அபசகுனம் என்று என்னைப்போலத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்று காலை தங்கை அதே குழுவில் பார்த்துக் காட்டினாள். அதே பூமாலைப் படம், அதே ‘24 மணி நேரச் சேவை’, வேறு பெயர். கீழே யாரும் கருத்து எழுத முடியாதபடி மூடியிருக்கிறான். அப்பாவின் அடையாள அட்டை இன்னும் அவனிடம்தான் இருக்கிறது.