லாரிப் பட்டையில் அடித்த கத்தி: மூன்று மாதம் கையாண்டு பார்த்த பிறகு

அத்திப்பள்ளி தாண்டி, ஓசூர் ரோட்டை ஒட்டிய ஒரு சின்னப் பட்டறையில் சொல்லி வைத்து இந்தக் கத்தியை வாங்கினேன். லாரியின் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்துச் செய்தது. விலை 3,200 ரூபாய். நான் பெங்களூர் பீன்யாவில் சி.என்.சி. (கம்ப்யூட்டரில் இயங்கும்) லேத் ஓட்டுகிறவன், 12 வருஷமாக இரும்போடுதான் பிழைப்பு. ஞாயிறு வந்தால் அல்சூரிலிருந்து நாலைந்து பேராகக் கனகபுரா பக்கம் நண்பனின் தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவோம். விறகு பிளப்பது, கயிறு அறுப்பது, அடுப்பு மூட்டிச் சமைப்பது எல்லாம் அங்கே. மடக்குக் கத்தி இரண்டு கீல் விட்டுப் போனதும், இனி மடங்காத கத்திதான் என்று முடிவு பண்ணினேன்.

அலகு நாலரை அங்குலம். மொத்த நீளம் ஒன்பதேகால். கூருக்கு எதிர்ப்பக்கமான முதுகின் தடிமன் வெர்னியர் அளவுகோலில் 4.1 மில்லிமீட்டர் காட்டியது. எடை 215 கிராம். வாகை மரப் பிடி, இரண்டு பித்தளை ஆணி. அலகின் இரும்பே பிடியின் கடைசி வரை ஓடுகிறது, அதனால் அடி தாங்கும்.

பட்டறைக்காரரிடம் நான் முதலில் கேட்டது தோய்ச்சலைப் பற்றித்தான், அதாவது பழுக்கக் காய்ச்சிய அலகைச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்குவது. கத்தியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பளபளப்பும் பிடியின் அழகும் கண்ணுக்குத் தெரியும், தோய்ச்சல் தெரியாது.

“தண்ணியில விடுறீங்களா, எண்ணெயா அண்ணே?”

“இந்தப் பட்டைக்குத் தண்ணி ஆகாது தம்பி, விரிசல் விட்டுடும். எண்ணெயைச் சுட வச்சு அதுலதான் விடுவேன்.”

காந்தம் ஒட்டாத சூடு வந்த பிறகும் இன்னும் கொஞ்சம் ஏற்றுகிறார். இரும்பு 770 டிகிரி வாக்கில் காந்தத்தை விட்டுவிடும். அங்கேயே நிறுத்தி எண்ணெயில் விட்டால் முழு கடினம் வராது. விட்ட பிறகு இரண்டு மணி நேரம் 200 டிகிரி அடுப்பில், அதே மாதிரி இன்னொரு தடவை. இந்தக் கடைசி வேலையைச் செய்யாவிட்டால் அலகு கண்ணாடி மாதிரி உடையும். லாரியில் ஓடித் தேய்ந்த பட்டையை அவர் தொடுவதில்லை, கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும் என்பதால். புதுப் பட்டையின் வெட்டுத் துண்டுகளைத்தான் வாங்குகிறார். இதைக் கேட்டதும் முன்பணம் கொடுத்துவிட்டேன்.

கத்தி கைக்கு வந்ததும் எங்கள் கம்பெனியிலேயே கடினம் பார்த்தேன். ராக்வெல் சி அளவில் (எண் கூடினால் கடினம் அதிகம்) மூன்று இடத்தில் வைத்ததில் 57, 57, 58. கையால் அடித்த ஒரு கத்தியில் இவ்வளவு சீராக வந்தது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

தோட்டத்தில் முதல் வேலை காய்ந்த தைல மரம். மணிக்கட்டு பருமன் கட்டைகளை நிறுத்தி, கத்தியைக் குறுக்கே வைத்து, முதுகில் இன்னொரு கட்டையால் தட்டிப் பிளந்தேன். ஒரு மாலையில் 30 கட்டைக்கு மேல். கணு வந்த இடத்தில்கூட விளிம்பில் பல் விழவில்லை, அலகும் வளையவில்லை. முனையை மட்டும் மரத்தில் குத்தித் திருகியபோது அரை மில்லிமீட்டர் மடங்கியது. அது என் தப்பு, அந்த வேலைக்கு உளி இருக்கிறது.

அந்தப் பக்கம் பட்டுப்பூச்சிக்கு மல்பெரி போடுகிறவர்கள் அதிகம், இலை உருவிய குச்சிக்குப் பஞ்சமே இல்லை. அதைச் சுருள் சுருளாகச் சீவி அடுப்பு மூட்டப் பழகினேன். நன்றாகவே சீவுகிறது. முதுகின் ஓரம் சரியான மூலையாக இருப்பதால் தீப்பொறிக் கம்பியை அதிலேயே உரசலாம். தென்னங்கயிற்றை 60 தடவை அறுத்த பிறகுதான், கூர் பார்க்க வெட்டிய காகிதம் ஒரு இடத்தில் சிக்கியது. சாணைக்கல்லில் பத்து நிமிஷம் இழுத்ததும் பழைய கூர் வந்துவிட்டது.

சரி, குறைக்கு வருகிறேன். கூருக்குச் சற்று மேலே அலகு ஒரு மில்லிமீட்டர் தடிமன். விறகுக்கு இது பலம், சமையலுக்குத் தொல்லை. உருளைக்கிழங்கில் இறக்கினால் நறுக்காமல் ஆப்பு மாதிரிப் பிளக்கிறது. இரண்டு ஞாயிறு உட்கார்ந்து கல்லில் தேய்த்து 0.6 வரை இறக்கினேன். அதன் பிறகு தக்காளியைச் சிரமமில்லாமல் நறுக்கியது. நல்ல தோய்ச்சல் கொடுக்கத் தெரிந்தவர் இதை அப்படியே விட்டதுதான் எனக்கு வருத்தம். பிடியின் முன்மூலைகளும் கூர்மை, ஒரு மணி நேரத்தில் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. எமரி பேப்பரால் உருட்டிவிட்டேன்.

உறைதான் உண்மையில் ஆபத்து. இரண்டு தோலையும் நேராக ஒட்டித் தைத்திருந்தார். நடுவில் தடுப்பாக ஒரு தோல் வார் வைக்கவில்லை. இரண்டாவது வாரமே கத்தி நூலை அறுத்துக்கொண்டு வெளியே வந்து, உறையைப் பிடித்திருந்த என் சுண்டுவிரலைக் கீறிவிட்டது. போய்க் காட்டினேன். மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டு, நடுவில் வார் வைத்து வேறு உறை தைத்துக் கொடுத்தார்.

துருவைப் பற்றி ஒன்று. இது எவர்சில்வர் இல்லை. மாங்காய் நறுக்கிய அன்றே அலகில் நீலக்கருப்பாகக் கறை ஏறியது, அது இருந்தால் நல்லதே. மழையில் நனைந்த உறையோடு ஒரு ராத்திரி விட்டதில் ஆரஞ்சுப் புள்ளிகள் வந்துவிட்டன. துடைத்து, எண்ணெய் தடவி, உறைக்கு வெளியே வையுங்கள். தேங்காய் எண்ணெய் பெங்களூரின் ஜூலைக் குளிரிலேயே உறைந்துவிடும், உள்ளங்கையில் உருக்கித் தடவுகிறேன்.

அப்புறம், ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுதச் சட்ட விதிகளுக்குள் வந்துவிடும். வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் இவற்றுக்கென்றே செய்தவைக்குத்தான் விலக்கு. இந்தக் கத்தி அந்த அளவுக்கு வெகு கீழே. ஆனாலும் இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு ஊருக்குள் திரியாதீர்கள், மெட்ரோவுக்கும் கொண்டுபோகாதீர்கள். நான் வண்டிப் பெட்டியில் பூட்டித்தான் எடுத்துப் போகிறேன்.

போன வாரம் மச்சானுக்காக இன்னொன்று சொல்லிவிட்டு வந்தேன். முதுகு மூன்று மில்லிமீட்டர், கூருக்கு மேல் அரை மில்லிமீட்டர், பிடி மூலை உருட்டி. பட்டறைக்காரர் முழுசாகக் கேட்டுவிட்டு, உலைக்குப் பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் “3, அரை” என்று எழுதி வைத்தார்.