குளோமிப்ரமைனா, எஸ்எஸ்ஆர்ஐயா: ஓசிடி மருந்துகள் ஓர் ஒப்பீடு

எண்ணச் சுழற்சி நோயான ஓசிடிக்கு மருந்து தொடங்கும்போது இரண்டு வழிகள் உள்ளன: 1989இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இந்நோய்க்கென முதன்முதலில் ஒப்புதல் அளித்த குளோமிப்ரமைன், 1990களில் வந்து சேர்ந்த ஃப்ளூவாக்ஸ்டின், ஃப்ளுவோக்சமின், செர்ட்ராலின், பராக்சிட்டின் ஆகிய எஸ்எஸ்ஆர்ஐ (செரட்டோனின் மறு உறிஞ்சலைத் தேர்ந்து தடுக்கும்) மருந்துகள்.

செரட்டோனின் என்பது நரம்பு செல்களிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள். நரம்பு செல்கள் தாம் வெளியிட்ட செரட்டோனினைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வதை இரண்டுமே தடுக்கின்றன. முதன்மையாக நோர்அட்ரினலின் என்ற வேறொரு வேதிப்பொருளைக் குறிவைக்கும் டெசிப்ரமைன் என்ற மனச்சோர்வு மருந்து ஓசிடியில் பலன் தராததால், செரட்டோனினுக்கு இதில் பங்கு உண்டு என்று நம்ப இடமிருக்கிறது. ஆயினும் 'செரட்டோனின் குறைந்ததால்தான் நோய்' என்று சொல்லிவிடுவது அவசர முடிவு. ஏனெனில் உறிஞ்சல் சில மணி நேரத்திலேயே தடைபட, நிவாரணம் முழுமையாகத் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகின்றன.

குளோமிப்ரமைன் செரட்டோனினோடு நிற்பதில்லை. அசிட்டைல்கோலின், ஹிஸ்டமின் என்னும் வேறு வேதிப்பொருள்கள் செல்களில் வந்து ஒட்டும் இடங்களான ஏற்பிகளையும் அது அடைப்பதால், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வாய் உலர்கிறது, பகலிலும் தூக்கம் அழுத்துகிறது, எடை கூடுகிறது, மலம் இறுகுகிறது. அழுக்குப் பயத்தால் ஏற்கெனவே கழிப்பறையில் ஒரு மணி நேரம் கழுவிக்கொண்டிருப்பவருக்கு மலச்சிக்கல் வெறும் வயிற்றுத் தொந்தரவு அல்ல, நோய் செய்யத் தூண்டும் கழுவும் சடங்கை நீட்டிக்கும் காரணம். கூச்சத்தால் அவர் அதை மருத்துவரிடம் சொல்லாமலே மருந்தை நிறுத்திவிடக்கூடும். அளவு கூடக்கூட வலிப்பு அபாயமும் கூடுவதால் நாளொன்றுக்கு 250 மி.கி. என்பதே உச்ச வரம்பு. இதயத் துடிப்பின் சீரைக் குலைக்கக்கூடும் என்பதால் இசிஜி பார்ப்பது நல்லது. அளவுமீறி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

எஸ்எஸ்ஆர்ஐ மருந்துகளில் குமட்டல், தூக்கக் குலைவு, தொடக்கப் படபடப்பு ஆகியவை பெரும்பாலும் சில வாரங்களில் தணிகின்றன. தணியாமல் நிற்பது பாலுறவுச் சிக்கல்; குளோமிப்ரமைனிலும் அது உண்டு. மனச்சோர்வுக்குத் தருவதைவிட ஓசிடிக்குக் கூடுதல் அளவு தேவைப்படுவதால் (செர்ட்ராலின் 200 மி.கி. வரை) பக்கவிளைவுகளும் சற்றுக் கூடவே தெரியும். இவற்றுக்குள்ளும் வேறுபாடு உண்டு: பராக்சிட்டினைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வாட்டும், ஃப்ளூவாக்ஸ்டின் உடலைவிட்டு மெல்ல நீங்குவதால் அத்தொல்லை குறைவு. ஃப்ளுவோக்சமின் இரத்தத்தில் காஃபினின் அளவையும் குளோமிப்ரமைனின் அளவையும் உயர்த்திவிடும்.

பழைய ஆய்வுத் தொகுப்புகள் குளோமிப்ரமைனை முன்னிறுத்தினாலும், இரண்டையும் நேருக்கு நேர் வைத்த சோதனைகள் பெரும்பாலானவற்றில் அந்த மேன்மை தெரியவில்லை. எனவே எஸ்எஸ்ஆர்ஐயில் தொடங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து. அதே உறுதியோடு இதையும் சொல்வேன்: இரண்டு எஸ்எஸ்ஆர்ஐ மருந்துகளை முழு அளவில், முழுக் காலமும் எடுத்தும் பலன் இல்லையெனில், பக்கவிளைவுக்கு அஞ்சிக் குளோமிப்ரமைனை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவது நோயாளிக்குச் செய்யும் அநீதி.