ஸ்கீ பூட்ஸ்: கடையில் சுகமா, சரிவில் சுகமா?

பனியில் சறுக்கப் போடும் ஸ்கீ பூட்ஸைக் காலில் மாட்டிய முதல் நிமிடத்திலேயே ‘ஆஹா, என்ன சுகம்’ என்று தோன்றினால், அது அநேகமாக உங்கள் அளவு இல்லை. அந்தச் சுகத்தை நம்பி வாங்கியவர்கள்தான் பனிச்சரிவில் நகம் கறுத்து, பாதம் மரத்து, மதியத்துக்குள் பக்கிள்களைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். கால்வலி என்றாலே பூட்ஸ் இறுக்கம் என்று நினைத்து, அடுத்த முறை இன்னும் பெரிதாக வாங்குகிறார்கள். வலியும் கூடவே வளர்கிறது.

சந்தையில் இருக்கும் வகைகளை ஒவ்வொன்றாக ஒப்பிடப் போகிறேன். ஆனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பணமோ நேரமோ குறைவாக இருந்தால் மற்ற வசதிகளையெல்லாம் விட்டுக்கொடுங்கள், ஷெல்லின் அளவில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஷெல் என்பது வெளியே இருக்கும் கெட்டியான பிளாஸ்டிக் ஓடு. உள்ளே இருக்கும் மெத்தை லைனர். அதற்குள்ளே, உள்ளங்காலுக்கு நேர் கீழே இருப்பது ஃபுட்பெட். இறுக்கமான ஷெல்லைச் சூடாக்கி அங்கங்கே விரிக்க முடியும். பெரிய ஷெல்லைச் சுருக்க யாராலும் முடியாது.

பெரிய சைஸா, பிடிப்பான சைஸா

ஸ்கீ பூட்ஸுக்கு மாண்டோபாயிண்ட் என்ற அளவுமுறை. பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் சொல்வது, அவ்வளவுதான். குதிகாலைச் சுவரோடு ஒட்டி நின்று, நீளமான விரலின் நுனிவரை அளந்தால் 265 மில்லிமீட்டர் வருகிறது என்றால் உங்கள் அளவு 26.5. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் ஷெல்லை முழு அளவுகளில் மட்டுமே வார்க்கிறார்கள். 26-க்கும் 26.5-க்கும் ஓடு ஒன்றே. உள்ளே போடும் லைனரிலோ ஃபுட்பெட்டிலோதான் வித்தியாசம். ஆகவே 26.5 கொஞ்சம் பிடிக்கிறதே என்று 27 கேட்டால் நீங்கள் தாண்டுவது அரை சைஸ் இல்லை, ஒரு முழு ஓடு.

அந்த ஒரு சென்டிமீட்டர் என்ன செய்கிறது என்று பாருங்கள். திரும்பும்போதெல்லாம் குதிகால் எழும்புகிறது. பாதம் முன்னே சறுக்கி, கட்டைவிரல் ஓட்டின் முனையில் இடிக்கிறது. நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டிக் கறுப்பது இப்படித்தான். சறுக்கலை நிறுத்த, கீழ்ப் பக்கிள்களை இறுக்குகிறோம். அவை அழுத்துவது பாதத்தின் மேல்மேட்டில். அங்கே ரத்தக்குழாயும் நரம்புகளும் தோலுக்குச் சற்றுக் கீழேயே ஓடுகின்றன. விரல்கள் மரக்கின்றன, சில்லிடுகின்றன. பிடி கிடைக்காத பாதம் விரல்களை மடக்கித் தரையைப் பற்றப் பார்க்கிறது, உள்ளங்கால் தசை இழுத்துக்கொள்கிறது. ஒரு காலில் மூன்று தொல்லை, மூலம் ஒன்றுதான்.

பிடிப்பான சைஸில் நடப்பது வேறு. நிமிர்ந்து நின்றால் விரல் நுனிகள் முன்னால் தொடும். பக்கிள்களைப் போட்டு, முழங்காலை வளைத்து, கணைக்காலை பூட்ஸின் முன்பக்க நாக்கின்மீது சாய்த்தால் குதிகால் பின்னே போய் உட்கார்ந்துகொள்ளும்; விரல்களுக்கு மூச்சு கிடைக்கும். பலர் இந்த இரண்டாவது நிலைவரை போவதே இல்லை. நிமிர்ந்து நின்று, விரல் தொடுகிறதே என்று கழற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். லைனரும் உபயோகத்தில் அமுங்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். கடையில் ‘சரியாக’ இருந்த ஜோடி, சில நாள் ஓட்டத்துக்குப் பிறகு தொளதொள என்று ஆகிவிடும்.

சந்தேகம் தீர ஒரே வழி ஷெல் சோதனை. லைனரை வெளியே உருவிவிட்டு வெறும் ஓட்டில் காலை விடுங்கள். விரல்கள் முன்சுவரை லேசாகத் தொடட்டும். முழங்காலைக் கொஞ்சம் வளைத்து, குதிகாலுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே தெரியும் இடைவெளிதான் தீர்ப்பு. இரண்டு விரல் நுழைந்தால், ஏறக்குறைய 20 மில்லிமீட்டர், அது இதமான அளவு. புதிதாகக் கற்பவருக்குப் பரவாயில்லை. 10 முதல் 15 வரை இருந்தால் பிடிப்பான அளவு. 10-க்குக் கீழே போனால் பந்தயக்காரர்கள் சமாச்சாரம். 25-ஐத் தாண்டினால் எவ்வளவு அழகான பூட்ஸாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாரயிறுதிகளில் மட்டும் சறுக்குபவருக்குக்கூட நான் 15-ஐ ஒட்டியே சொல்வேன். இரண்டு கால்களையும் சோதியுங்கள். ஒன்று சற்றுப் பெரிதாக இருப்பது சகஜம். பெரிய காலுக்கு வாங்கி, சின்னக் காலுக்குப் பட்டை ஒட்டி நிரப்புவதே முறை.

அகலமும் மேல்மேடும்

பெட்டியில் 98, 100, 102 என்று ஒரு எண் இருக்கும். முன்பாதத்தின் அகலமான இடத்தில் ஓட்டின் உள்ளளவு, மில்லிமீட்டரில். வழக்கமாக 26.5 அளவு பூட்ஸில் எடுத்த கணக்கு இது. அதே மாடலில் 24.5 வாங்குபவருக்கு அகலமும் குறையும், 28.5 வாங்குபவருக்குக் கூடும். அகலப் பாதம் உள்ளவர்கள் நீளத்தைக் கூட்டி அகலத்தைப் பிடிக்கப் பார்ப்பதுதான் மிகப் பரவலான தவறு. நீளத்தை விடாமல் 102 போன்ற அகல ஓட்டுக்குப் போவதே வழி.

அகலத்தைவிட அதிகம் தொல்லை தருவது மேல்மேட்டின் உயரம். அதற்குப் பெட்டியில் எண்ணே கிடையாது. பாதத்தின் மேல்பகுதி உயர்ந்திருப்பவர்களுக்கு 102 அகலத்திலும் விரல்கள் மரக்கும். தாழ்ந்திருப்பவர்களுக்கு 98-லும் கால் உள்ளே மிதக்கும். அகலம் சரி, ஆனாலும் பக்கிள் போட்டவுடன் விரல் நுனிகளில் எறும்பு ஊர்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

ஓவர்லாப், கேப்ரியோ, பின்வழி

கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது ஓவர்லாப். ஓட்டின் ஒரு பக்கம் இன்னொன்றின்மேல் மடிந்து, நான்கு பக்கிளில் இறுகும். கால் விசை ஸ்கீ பலகையின் விளிம்புக்கு நேராகப் போகும். அளவும் அகலமும் இதில்தான் அதிகம் கிடைக்கும். பூட்ஸைக் காலுக்கேற்பச் சரிசெய்து கொடுக்கும் பூட் ஃபிட்டர்களுக்கு விரிக்கவும் தேய்க்கவும் பழகிய ஓடும் இதுதான். குறை, காலை நுழைப்பது. குளிரில் பிளாஸ்டிக் விறைத்துவிட்டால் மேல்மேடு உயர்ந்தவர்களுக்குத் தினமும் காலையில் ஒரு மல்லுக்கட்டு.

கேப்ரியோவில் நாக்கு தனித் துண்டு. 1980-ஐ ஒட்டி வந்த ராய்க்லெ ஃப்ளெக்ஸான் இதற்குப் பேர்போனது. பின்னாளில் அதே வடிவம் ஃபுல் டில்ட் என்ற பெயரில் திரும்பி வந்தது, டால்பெல்லோவும் இந்த வகையைத் தொடர்கிறது. வாய் அகலமாகத் திறக்கும், மேல்மேட்டுக்கு இடம் கிடைக்கும், முன்னே சாயும்போது எதிர்ப்பு படிப்படியாக ஏறும். கணைக்கால் எலும்பில் அடிபட்டு நொந்தவர்களுக்கு இதை முதலில் போட்டுப் பார்க்கச் சொல்வேன். கெட்டிப் பனியில் வேகமாக விளிம்பில் நிற்க விரும்புபவர்களுக்கு ஓவர்லாப்பின் உடனடி விறைப்பு பிடிக்கும்.

பின்புறம் திறக்கும் பூட்ஸ் 1980-களில் கொடிகட்டிப் பறந்தது. சாலமனின் எஸ்எக்ஸ் வரிசையைப் பழைய ஆட்கள் இன்றும் நினைவு வைத்திருப்பார்கள். போடுவது அவ்வளவு சுலபம். குதிகாலைப் பிடித்து வைக்காததால் பின்னர் மங்கிப்போனது. இப்போது நார்டிகாவின் எச்எஃப் போன்ற மாடல்களில் மேம்பட்ட வடிவில் வந்திருக்கிறது. குனிய முடியாத முதுகு, மடங்காத இடுப்பு உள்ளவர்களுக்கு இது நல்ல தேர்வுதான். அவர்கள் சறுக்குவதையே கைவிடாமல் காப்பாற்றுகிறது. மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

பக்கிளுக்குப் பதில், திருகி இறுக்கும் போவா டயல் இப்போது பரவுகிறது. முன்பாதத்தைக் கம்பி சுற்றி வளைத்து ஒரே சீராக இறுக்கும். ஒரு புள்ளியில் அழுத்தம் விழாததால் மேல்மேட்டு வலி உள்ளவர்களுக்கு உண்மையிலேயே நிம்மதி. பெரிய ஷெல்லை மட்டும் அதுவும் சின்னதாக்காது.

லைனர் மூன்று விதம்

பூட்ஸோடு வரும் லைனர் உடல் சூட்டிலும் கடை அடுப்பிலும் கொஞ்சம் வடிவம் எடுக்கும். பெரும்பாலோருக்கு ஆரம்பத்தில் இதுவே போதும். இரண்டாவது, முழுவதும் ஈவிஏ என்ற மென்பிளாஸ்டிக் நுரையால் ஆன, சூடாக்கி வார்க்கும் லைனர். இன்ட்யூஷன் இதில் தெரிந்த பெயர். எடை குறைவு, கதகதப்பு அதிகம், மறுபடி சூடாக்கி வடிவம் மாற்றலாம். எளிதில் கால் சில்லிடுபவர்கள் இதைப் பார்க்கலாம்.

மூன்றாவது, கால் உள்ளே இருக்கும்போதே திரவ நுரையைச் செலுத்தி நிரப்புவது. குறுகலான குதிகால், மெலிந்த கணுக்கால் உள்ளவர்களுக்கு இதற்கு இணையான பிடிப்பு இல்லை. ஆனால் நுரை இறுகும் அந்தச் சில நிமிடங்கள் சரியான நிலையில் நிற்க வேண்டும். கோணலாக நின்றால் கோணலே நிலைத்துவிடும். கனமும் கூடுதல். ஓடு பொருந்தாமல் இதில் பணம் போடுவது வீண்.

ஃபுட்பெட் முதலில், சுத்தியல் பிறகு

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வரிசையைத் தலைகீழாக்குகிறார்கள். வெளி விளிம்பில் வலிக்கிறது, உடனே ஷெல்லை விரி என்கிறார்கள். தட்டைப் பாதத்தை எடுத்துக்கொள்வோம். எடை விழுந்ததும் வளைவு சரிந்து பாதம் நீளமாகவும் அகலமாகவும் பரவுகிறது; உள்கணுக்காலுக்குக் கீழே உள்ள எலும்பு போய்ச் சுவரில் முட்டுகிறது. வளைவைத் தாங்கும் ஃபுட்பெட் போட்டால் அதே பாதம் கொஞ்சம் குட்டையாகிவிடும், முட்டலும் விலகும். உயர்ந்த வளைவு உள்ளவருக்கு அடியில் வெற்றிடம். எடையெல்லாம் குதிகாலிலும் முன்பாதத்திலும் மட்டும் குவிகிறது. அந்த இடத்தை நிரப்பினாலே எரிச்சல் தணியும். லேசான தொல்லைக்குக் கடையில் கிடைக்கும் தயார் ஃபுட்பெட் போதும். பாதம் மிகவும் சரிந்தால் வார்த்துச் செய்ததுதான். அதற்குப் பிறகு லைனரைச் சூடாக்குங்கள். அப்போதும் சுண்டுவிரல் பக்கமோ, குதிகால் முடிச்சிலோ வலி நின்றால், அந்த ஒரு இடத்தை மட்டும் குறித்து ஷெல்லை விரிக்கச் சொல்லுங்கள்.

ஃப்ளெக்ஸ் எண்

90, 110, 130 என்று போட்டிருப்பது முன்னே சாய்வதற்கான விறைப்பு. இதற்குப் பொதுத் தரம் இல்லை; ஒரு நிறுவனத்தின் 100 இன்னொன்றின் 120 போல இருக்கும். கதகதப்பான கடையில் மென்மையாக மடங்கியது, உறைகுளிரில் பலகையாகிவிடும். எண்ணைப் பெருமைக்காக ஏற்றாதீர்கள். மடக்க முடியாத பூட்ஸ் ஆளைப் பின்னே தள்ளி உட்கார வைக்கும், தொடை எரியும். கணுக்கால் இயல்பாகவே குறைவாக மடங்குபவர்களுக்கு லைனருக்கு அடியில் குதிகால் பகுதியில் சின்ன ஆப்பு வைத்தால் பெரிய மாற்றம் தெரியும்.

வாடகையா, சொந்தமா, பழையதா

ஸ்கீயிங் பிடிக்குமா என்றே தெரியாத முதல் முயற்சிக்கு வாடகை போதும். பலர் கால் பட்டு அமுங்கிய லைனர், எல்லோருக்கும் நுழையும்படி அகலமான ஓடு என்பதால், அங்கே ஒரு சைஸ் சின்னதாகக் கேட்டுப் பாருங்கள். தொடரப் போகிறீர்கள் என்றால் ஸ்கீக்கு முன்னால் பூட்ஸை வாங்குங்கள்.

பழைய ஜோடியில் எச்சரிக்கை தேவை. உபயோகிக்காமல் வைத்திருந்தாலும் பிளாஸ்டிக் வயதாகி நொறுங்கும். அடிப்பாகத்தின் தரமும், பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கோடு ஒத்துப்போக வேண்டும்: வழக்கமான ஆல்பைன் அடிக்கு ஐஎஸ்ஓ 5355, நடக்க வசதியாக வளைந்த கிரிப்வாக் அடிக்கு ஐஎஸ்ஓ 23223, மலையேறும் டூரிங் பூட்ஸுக்கு ஐஎஸ்ஓ 9523. பொருந்தாத ஜோடி, விழும்போது கழல வேண்டிய நேரத்தில் கழலாமல் போகலாம்.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள், ரத்த ஓட்டக் குறைபாடு உள்ளவர்கள் ‘வலித்தால் சொல்கிறேன்’ என்று இருக்கக் கூடாது. வலி அவர்களுக்கு நேரத்தில் வராது. முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள், சறுக்கும் நாளில் இடையிடையே கழற்றிக் கண்ணால் பாருங்கள். விரல் வெளிறி, மெழுகு போல ஆகி, தொட்டால் தெரியவில்லை என்றால் யாராக இருந்தாலும் உடனே உள்ளே போய்விட வேண்டும். அது உறைகாயத்தின் அறிகுறி.

வாங்கி வந்த பூட்ஸை, திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள், வீட்டில் மாலை நேரத்தில் போட்டுப் பாருங்கள். அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். மெல்லிய கம்பளிச் சாக்ஸ் ஒன்று மட்டும். இரண்டு வேண்டாம், பருத்தி வேண்டாம், உள்பேன்ட்டின் விளிம்பு உள்ளே போகவே கூடாது. குதிகாலைப் பின்னே தட்டி உட்கார வைத்து, முதலில் கணுக்காலுக்கு மேலுள்ள பக்கிள்கள், பிறகு கீழே உள்ளவற்றை லேசாக. முழங்காலை வளைத்தபடி அரை மணி நேரம் இருங்கள். சுற்றிலும் ஒரே சீரான அழுத்தம் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், லைனர் படியும். ஒரே ஒரு புள்ளியில் குத்துகிறது என்றால் பேனாவால் குறித்து ஃபிட்டரிடம் போங்கள். கீழ்ப் பக்கிள்களைத் தளர்த்தியும் விரல்கள் மரக்கின்றன என்றாலோ, குதிகால் எழும்புகிறது என்றாலோ, பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.