சிம்மக்கல் பிளக்ஸ் கடையில் கலீசியா யூதர்கள்

கண்காட்சிக்கு போர்டு அடிக்க மதுரையில் எந்தக் கடை நல்லது என்று அடிக்கடி கேட்கிறார்கள், அவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிம்மக்கல் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கும் டிஜிட்டல் பிரிண்டிங் கடை. குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் பெயர் போடவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேலை சுத்தம், ஆனால் புரூஃப் பார்க்காமல் மட்டும் பிரிண்டுக்கு விட்டுவிடாதீர்கள்.

எங்கள் வாசகர் வட்டத்துக்காக 12 போர்டு அடித்தோம். கலீசியாவில் பிறந்த, வளர்ந்த யூதர்கள்தான் விஷயம். ஸ்பெயினில் இருக்கும் கலீசியா இல்லை, 1772-இல் போலந்தைப் பங்கு போட்டபோது ஆஸ்திரியா எடுத்துக்கொண்டதே, அது. 1918-இல் பேரரசு உடைந்தது. இப்போது அதன் மேற்குப் பகுதி போலந்தில், கிழக்குப் பகுதி உக்ரைனில். எங்கள் வட்டத்தில் இருக்கும் இயற்பியல் வாத்தியார், எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு அடித்தளம் போட்ட ஐசிடர் ரபி எந்த ஊர்க்காரர் என்று தேடப் போக, அவர் பிறந்தது அங்கே ரிமனூவ் என்ற சின்ன ஊர் (1898, நோபல் 1944) என்று தெரிந்து, அப்புறம் ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டே இருந்தார்கள். புச்சாச் என்ற ஒரே ஊரிலிருந்து ஹீப்ருவில் எழுதி 1966-இல் நோபல் வாங்கிய அக்னோன், நாஜிக்களைத் துரத்திப் பிடித்த சைமன் வீசந்தால், நாஜிக்கள் யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவில் நடந்ததையெல்லாம் ரகசியமாக ஆவணப்படுத்திய ரிங்கல்ப்ளும் என்று மூன்று பேர். சினிமாக்காரர் வேண்டுமே என்றவர்களுக்கு பில்லி வைல்டர்.

சரி, கடைக்கு வருவோம். டிசைன் போடும் தம்பி கெட்டிக்காரர், கோரல்டிராவில் கை பறக்கிறது. ஆனால் பாவம், நாள் முழுக்க அவர் போடுவது காதணி விழாவும் கண்ணீர் அஞ்சலியும்தான். நாங்கள் கொடுத்தது கறுப்பு வெள்ளைப் படம், கீழே இரண்டு ஆண்டு. அவருக்கு அது போதாதா? முதல் புரூஃபில் எல்லோருக்கும் தோற்றம், மறைவு என்று போட்டு இரண்டு பக்கமும் குத்துவிளக்கு ஏற்றிவிட்டார். 1937-இல் ஸ்லோச்சூவில் பிறந்து 1981-இல் வேதியியல் நோபல் வாங்கிய ரோல்ட் ஹாஃப்மனுக்கு நாங்கள் இரண்டாவது ஆண்டே கொடுக்கவில்லை, அவருக்கும் விளக்கு! போர்க்காலத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பரணில் அம்மாவோடு ஒளிந்திருந்து பிழைத்த மனிதர் அவர், சிம்மக்கல்லில் வந்து இப்படி மாட்டிக்கொண்டார். புரூனோ ஷுல்ட்ஸ் போர்டில் மட்டும் விளக்கு இருக்கட்டுமே என்று எங்களில் ஒருவர் கேட்டார். எழுத்தாளர், ஓவியர், பள்ளியில் டிராயிங் வாத்தியார். 1942-இல் தன் சொந்த ஊரான திரோகோபிச் தெருவிலேயே நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் ஆள் ஒருவன் சுட்டுக் கொன்றான். யோசித்துப் பார்த்து அதையும் எடுக்கச் சொன்னோம்.

இன்னொரு தலைவலி எழுத்துரு. யூனிகோடில் கொண்டுபோனால் அவர்களுடைய பழைய கோரலில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகக் கழன்று விழுகிறது, 'லெம்பெர்க்' என்ற ஊர்ப்பெயர் கந்தலாகிவிட்டது. பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றிக் கொண்டுபோங்கள், பாதி நேரம் மிச்சம்.

கடையின் நிஜமான திறமையை வரைபடத்தில் பார்த்தேன். லெம்பெர்க், இன்றைய லிவிவ், 1918 வரை ஆஸ்திரியா, அப்புறம் போலந்து, 1939-இல் சோவியத், 1941-இல் ஜெர்மனி, 1944-இல் மறுபடி சோவியத், 1991 முதல் உக்ரைன். இத்தனை எல்லைக்கோட்டையும் ஒரே படத்தில் காட்டினால் நூடுல்ஸ் மாதிரி ஆகிவிடும் என்று பயந்தோம். தம்பி ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு நிறம் கொடுத்து, இன்றைய எல்லையை மட்டும் கறுப்பில் கனமாக இழுத்து, பத்தடி தள்ளி நின்றாலும் புரிகிற மாதிரி செய்துவிட்டார். நிறம் ஒன்றோடொன்று கசியவில்லை, மேட் லேமினேஷன் என்பதால் டியூப்லைட் வெளிச்சம் கண்ணில் அடிக்கவும் இல்லை.

எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், இவர் அடிப்பதைப் படிக்கிறார். லெம்பெர்க்கில் யூத மதகுருமார் வம்சத்தில் 1900-இல் பிறந்த லியோபோல்டு வைஸ், 1926-இல் இஸ்லாத்தைத் தழுவி முகம்மது அசத் ஆனார், இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷார் அவரை இந்தியாவில்தான் அடைத்துவைத்திருந்தார்கள், பின்னால் ஐ.நா.வில் பாகிஸ்தானுக்காகப் பேசினார், குர்ஆனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். தம்பி நெல்பேட்டைக்காரர், முஸ்லிம், இதைப் படித்துவிட்டு மௌசை விட்டு எழுந்தே விட்டார். "அண்ணே, இது நெசமா? எங்கத்தாவுக்குக் காட்ட ஒரு சின்ன காப்பி அடிச்சுக்கவா?" அடித்துக்கொண்டார். அந்த போர்டில் ஆண்டு ஒன்று முன்னுக்குப் பின் முரணாக இருந்ததைக் கண்டுபிடித்ததும் அவர்தான், நாங்கள் இரண்டு பேர் பார்த்தும் விட்டிருந்தோம்.

லெம்பெர்க்கில் பிறந்த கணித வல்லுநர் உலாமின் போர்டில் இடம் மிஞ்சியது. லெம்பெர்க்கின் ஸ்காட்டிஷ் கபேயில் உட்கார்ந்து கணித வல்லுநர்கள் மேஜைப் பளிங்கிலேயே கணக்குப் போடுவார்கள், பிறகு ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினார்கள், அதில் 1936-இல் மசூர் எழுதிய ஒரு கணக்குக்குப் பரிசு உயிருள்ள வாத்து. 1972-இல் அதை விடுவித்த ஸ்வீடன்காரர் என்ஃப்லோ நிஜமாகவே வாத்தை வாங்கிக்கொண்டார். தம்பி ஒரு வாத்துப் படம் தேடி ஓரத்தில் வைத்தார். கண்காட்சியில் பிள்ளைகள் கூட்டம் அந்த போர்டு முன்னால்தான்.

குறை என்றால் நேரம். முகூர்த்தம் நெருங்கினால் உங்கள் வேலை கடைசிக்குப் போய்விடும், சொன்ன நாளுக்குத் தரவில்லை, கேட்டால் 'கல்யாண வீடுண்ணே' என்கிறார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது? ஒரு போர்டின் மூலையும் நசுங்கி வந்தது, கேட்டதும் வேறு அடித்துக் கொடுத்தார்கள்.

வினைல் ஒட்டிய சன்போர்டு, லேமினேஷனோடு சதுர அடி 80 ரூபாய். டிசைனுக்குத் தனிக் காசு வாங்கவில்லை. வண்டியைச் சந்துக்குள் விட முடியாது, போர்டைத் தூக்க ஆள் கூட்டிப் போங்கள்.